எழவு வீட்டு அடுப்பு

காய்ச்சிய தண்ணீர்ப் பானை மதியத்துக்குள் காலியாகிவிட்டது. தனுஷ்கோடியின் உடலை இன்னும் எடுக்கவில்லை. வீரசோழனிலிருந்து வரும் பஸ்ஸில் அவன் தம்பி வந்து சேரவேண்டும்.

புருஷனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மாரிக்கனி, நாத்தனார் குருவம்மாள் ஊருணித் தண்ணீரைக் கொண்டுவந்து பானையில் ஊற்றுவதைப் பார்த்தாள்.

"மதினி, அதக் காய்ச்சணும்."

"எழவு வீட்ல அடுப்புப் பத்தவைப்பாகளா? தெருவுலயே எவளும் பத்தவைக்கல. மொதல்ல எந்தம்பிய எடுக்கட்டும்."

ஊரில் வாந்திபேதி வந்து பன்னிரண்டு நாளாகிறது. சுகாதார ஆய்வாளர் கிணற்றில் பிளீச்சிங் பவுடரைப் போட்டார். வாடை அடிக்கிறதென்று தெருவே ஊருணிக்குப் போய்விட்டது. எந்தத் தண்ணீரானாலும் கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்று அவர் கடை கடையாகச் சொன்னபோது, "சரிங்கய்யா" என்று முதலில் தலையாட்டியவன் தனுஷ்கோடிதான். மாரிக்கனி சொன்னதற்கும் சரிதான். ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டுப் பொன்ராஜ் ஊருணித் தண்ணீரில் கரைத்த பானக்கத்தை நீட்டியபோதும் சரிதான். ஜென்மத்தில் யாரிடமும் வேண்டாம் என்று சொல்லத் தெரியாத மனிதன்.

"அங்க எதுக்குக் குடிச்சீக?" என்று அன்றே கேட்டாள்.

"வேணாம்னா மொகஞ் சுண்டிருவாருல்ல. ஒரு டம்ளர்தான மாரி."

அந்த ஒரு டம்ளர்தான். செவ்வாய்க்கிழமை அருப்புக்கோட்டைக்கு அவனை ஏற்றிப்போன வேன் பாதி வழியிலேயே திரும்பிவிட்டது. அழுகையைவிட அவளுக்கு ஆத்திரம்தான் பொங்கியது. வேண்டாம் என்ற அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் வாயா வலிக்கும் என்று அவனை உலுக்கிக் கேட்கவேண்டும் போலிருந்தது.

குருவம்மாள் பானையில் மொண்டு, அழுது ஓய்ந்திருந்த தங்கச்செல்வியிடம் நீட்டினாள். "தொண்டை கட்டிருச்சுல்ல, குடி தாயி."

பிள்ளை அம்மாவைப் பார்த்தாள். அத்தையையும் பார்த்தாள். "சரி அத்தை" என்று கையை நீட்டினாள். அப்படியே அப்பனின் குரல்.

மாரிக்கனி எழுந்தாள். மகள் கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கி வாசலில் கொட்டினாள். பானையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

"பொணத்தப் போட்டுட்டு அடுப்பு மூட்டுறாளே, ஊரு என்ன பேசும்?" என்றாள் குருவம்மாள்.

மாரிக்கனி தீக்குச்சியைக் கிழித்தாள். விறகு ஈரம். ஊதி ஊதிக் கண் எரிந்தது. புகை வாசல்வரை போகவும், பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பொன்ராஜ் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.

பஸ் வந்துவிட்டது. தம்பிக்காரன் அழுதுகொண்டே தெருவில் ஓடிவந்தான். பாடையைத் தூக்க ஆட்கள் வேட்டியை மடித்துக் கட்டினார்கள்.

அடுப்படி வாசலில் நின்ற தங்கச்செல்வியிடம் குருவம்மாள் வந்தாள். "எடுக்கப் போறாக. உங்கம்மாவ வெரசா வரச் சொல்லு."

தங்கச்செல்வி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"தண்ணி இன்னும் கொதிக்கல அத்தை" என்றாள். நிலைப்படியை விட்டு அவள் நகரவில்லை.