பேர் கூப்பிட்டபோது

அன்று விசாரணை அறையில் இருந்தவர்கள்: மேசைக்குப் பின்னால் விசாரணை அதிகாரி பிரேமினி, யாழ்ப்பாணத்துக்காரர். கதவருகே சாவிக்கொத்தோடு பியோன் சின்னராசா. தோட்ட நிர்வாகத்தின் சார்பில் வந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த ஒருவர். சட்டத்தரணி லக்ஸ்மன். கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து அரைக்கும் ரோலருக்கு வலக்கை விரல்களைக் கொடுத்த கேதீஸ்வரி. அவள் புருஷன் நல்லமுத்து.

நல்லமுத்துவுக்கு மட்டும் வேர்த்துக்கொட்டியது. அட்டன் குளிரில் அது பெரிய காரியம்தான்.

கைக்கு நட்டஈடு கேட்டுப் போட்ட வழக்கு, பேர் கூப்பிட்ட நாளில் யாரும் பதில் சொல்லாததால் தள்ளுபடியாகியிருந்தது. லக்ஸ்மன் அன்று வரவேயில்லை. கேதீஸ்வரி வந்து விறாந்தையில்தான் நின்றாள். "நான் இல்லாம வாயத் தொறக்காதீங்க, கேஸ் கெட்டுப்போகும்" என்று அவர் சொல்லி வைத்திருந்தார். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் பேர் கேட்டதும் குரல் கொடுத்துப் பழகியவள் அவள். கங்காணிக்கு முந்திக்கொண்டு பேசக் கூடாது என்று பழகியதும் அதே களத்தில்தான். புருஷனும் பெண்டாட்டியும் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். வழக்கு போனது.

போனதைத் திரும்ப எடுக்கத்தான் இன்றைய விசாரணை. படியேறும்போதே லக்ஸ்மன் வழி சொல்லிக் கொடுத்தார்.

"அன்னைக்குக் காய்ச்சல், வர முடியலன்னு சொல்லுங்கம்மா. கேஸு தானாத் திரும்பிரும்."

"நீங்க வராதது?"

"அத எதுக்கும்மா இப்ப இழுக்குறீங்க?"

நல்லமுத்துவுக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. "பொய்யோ மெய்யோ, நம்ம கைக்கு ஒரு வழி பொறக்கட்டும் புள்ள" என்று அவள் காதில் ஓதினான்.

"யாரு கை?" என்றாள் அவள்.

கடைத்தெருவுக்கு வந்தவர்கள் வேடிக்கை பார்க்க நுழைந்துவிடுவார்கள் என்பதால், விசாரணை முடியும்வரை கதவைப் பூட்டி வைப்பது அங்கே வழக்கம். சின்னராசா பூட்டினார்.

"அண்டைக்கு ஏன் வரேல்லை?" என்று கேட்டார் பிரேமினி.

லக்ஸ்மன் எழுந்தார். "இவங்களுக்கு அன்னைக்குக் காய்ச்சல், மேடம்."

"காய்ச்சலும் இல்ல ஒண்ணும் இல்லீங்க" என்றாள் கேதீஸ்வரி. "வெளிய தூணுகிட்ட நின்னேன். பேரு கூப்பிட்டது நல்லாக் கேட்டுச்சு. ஐயா வாயத் தொறக்காதன்னாரு, தொறக்கல. ஐயாவைத்தான் காணல."

"வந்து நிண்டும் பதில் சொல்லேல்லை எண்டால் பிழை உங்கட பக்கமும் வரும். வழக்குத் திரும்பாமலும் போகலாம். விளங்குதோ?"

"வெளங்குதுங்க." விரலில்லாத கையை மேசைமேல் வைத்தாள். குரல் பெரட்டுக் களத்துக் குரல். "போனா என் கேஸு போகட்டும். இந்த லோயர் ஐயா நாளைக்கு வேற ஒருத்தரு கையக் கொண்டாந்து அதே தூணுகிட்ட நிக்க வைப்பாரு. அத எழுதிக்குங்க."

நல்லமுத்து அவளைப் பார்த்தான். தோட்டத்து லயத்தில் ஒற்றை அறைக் காம்பராவில் இத்தனை காலம் குடித்தனம் நடத்தியும் இந்தப் பெண்ணை அவன் கண்டதில்லை. இறம்பொடை அருவியின் அடியில் முதன்முதலாக நின்று அண்ணாந்தபோது இப்படித்தான் ஆனது. காது அடைத்துக்கொண்டது. கால் பின்னால் நகரப் பார்த்தது. கண் மட்டும் நகரவில்லை. அவனை அறியாமல் எழுந்து நின்றான்.

"நானும் கூடத்தான் நின்னேங்க" என்றான்.

"பொய் மேடம்" என்றார் லக்ஸ்மன். "அன்னைக்கு ரெண்டு பேருமே வரல."

பிரேமினி பேனாவை வைத்தார். "நீங்களே வராத இடத்துக்கு இவை ரெண்டு பேரும் வரேல்லை எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

கொட்டாவி விட்டவர் வாயை மூடினார்.

"வழக்கைத் திரும்ப எடுக்கிறன். இவ சொன்னது அப்பிடியே உங்களைப் பற்றின முறைப்பாடாய் மேல போகும்." பிரேமினி கேதீஸ்வரியின் பக்கம் திரும்பினார். "இனி உங்களுக்காக ஆர் பேசுறது? இவரோ?"

"வேணாங்க. நானே பேசிக்கிறேன்."

"அப்ப மிஸ்டர் லக்ஸ்மன், இந்த வழக்கில நீங்கள் வெளியாள்."

சின்னராசா கதவைத் திறந்தார். லக்ஸ்மன் யாரையும் பார்க்காமல் வெளியேறினார். சின்னராசா அவருக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினார்.