ஸ்தோத்திரப் பெஞ்சில் உட்கார்ந்தவள்

அந்தச் சபையில் முன்வரிசையில் இரண்டு பெஞ்சுகளைத் தனியாக ஒதுக்கி வைத்திருந்தார்கள். இடப்பக்கம் விண்ணப்பப் பெஞ்சு, வலப்பக்கம் ஸ்தோத்திரப் பெஞ்சு. கஷ்டத்தில் இருப்பவர்கள் இடப்பக்கம் உட்காருவார்கள். கேட்டது கிடைத்தவர்கள் வலப்பக்கம் உட்காருவார்கள். பிரசங்கம் முடிந்ததும் போதகர் கீழே இறங்கி வந்து இந்தப் பக்கம் கொஞ்சம் அழுதுவிட்டு, அந்தப் பக்கம் போய்ச் சிரிப்பார். உட்கார்ந்தவர்கள் வாயைத் திறந்து எதையும் சொல்ல வேண்டியதில்லை. 'ஆண்டவருக்குத் தெரிஞ்சாப் போதும்' என்பது அங்கே எழுதாத சட்டம். அவருக்குத் தெரிவதற்கு முன்பே பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரிந்துவிடும் என்பது வேறு விஷயம்.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஸ்தோத்திரப் பெஞ்சில் யாராவது உட்கார்ந்தால், ஆராதனை முடிந்த கையோடு சபை மொத்தமும் அவர்கள் வீட்டுக்குப் போய் ஒரு பாட்டுப் பாடிவிட்டு வரும். நல்ல வழக்கம்தான். ஆனால் ஊரில் இருந்த கண்ணாடி பாட்டில் ஃபாக்டரியை மூடிய பிறகு அந்தப் பக்கம் உட்கார ஆளே இல்லை. உலையில் வேலை பார்த்தவர்கள், லாரியில் சரக்கு ஏற்றியவர்கள், கணக்கு எழுதியவர்கள், அவர்களுடைய பெண்டு பிள்ளைகள் என்று எல்லோரும் இடப்பக்கமே வந்து குவிந்தார்கள். எள் போட்டால் எள் விழாது. வலப்பக்க பெஞ்சு மட்டும் வாரா வாரம் துடைத்தபடியே கிடந்தது. பாட்டும் சுருதி இறங்கிப்போய், துக்க வீட்டில் பாடுவதுபோல் ஆகியிருந்தது.

இஸ்திரி அக்காவுக்கு விண்ணப்பப் பெஞ்சு பழகிப்போன இடம். ஃபாக்டரிக்காரர்கள் வருவதற்கு முன்பிருந்தே அவள் அங்கேதான் உட்காருகிறாள். ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தேய்க்கும் பிரிவில் அவளுக்கு வேலை. காலையில் நின்றால் மாலைவரை நிற்க வேண்டும். தேய்க்கிற வேலையால் வந்த பெயர்தான் இஸ்திரி அக்கா. அவளைவிட மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

அவளுடைய கணவர் கொத்தனார். பூச்சு வேலையில் கைதேர்ந்தவர். ஒரு நாள் சாரம் சரிந்து கீழே விழுந்தார். ஆபரேஷன் செய்தார்கள், எலும்பும் கூடியது. "தினமும் ரெண்டு பேர் பிடிச்சு நிக்க வைங்க, நடக்க வைங்க, நடந்துடுவார்" என்று டாக்டர் அனுப்பிவைத்தார். முதல் நாளே மாடிப்படிக்கு முன்னால், அண்டை வீட்டார் பார்த்துக்கொண்டிருக்கும்போது, முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டார். யாரோ ஒருவர் 'ஐயோ பாவம்' என்று சொன்னார். அவ்வளவுதான். அன்றைக்குச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர், திரும்பவே இல்லை. பிடிக்கப் போனால் கையைத் தட்டிவிடுவார். வாயைத் திறந்தால் அந்தச் சுவரின் பூச்சைத்தான் திட்டுவார். "எவன் பூசினானோ, மட்டமே பாக்கல" என்பார். அதற்குமேல் பேச்சு கிடையாது.

போன வாரம் டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "இப்படியே படுத்துக் கிடந்தா கால் நடையையே மறந்துடும்மா. இன்னும் கொஞ்ச நாள் போனா, அப்புறம் நாங்க தலைகீழா நின்னாலும் பிரயோஜனம் இல்ல" என்றார். வேலையில் நின்றுகொண்டே அவள் அதை நினைத்தாள், வீட்டில் அரிசி களைந்துகொண்டே நினைத்தாள். கணவரிடம் சொல்ல மட்டும் தைரியம் வரவில்லை. ஃபாக்டரி மூடியதைக்கூட அவரிடம் அவள் சொல்லவில்லை. நொந்துபோய்க் கிடப்பவரிடம் ஊர்க் கஷ்டத்தை எதற்குக் கொண்டுபோய்க் கொட்டுவது?

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியில் அவள் முறை. விடியற்காலையில் போய் வேலையை முடித்துவிட்டு, வியர்வை காயாத உடம்போடு கோயிலுக்கு வந்தாள். பிரசங்கம் நடந்துகொண்டிருந்தது. இடப்பக்க பெஞ்சில் ஒருவர் மடியில் ஒருவர் உட்காராத குறை. சுவரோரமும் ஆட்கள் நின்றார்கள். அவளுடைய கெண்டைக்கால் இரண்டும் விண்விண்ணென்று தெறித்தன. கண்ணுக்கு நேராக ஒரு பெஞ்சு காலியாகத் தெரிந்தது. போனாள், உட்கார்ந்தாள், அப்பாடா என்று கண்ணை மூடினாள்.

எது எந்தப் பெஞ்சு என்ற நினைப்பே அவளுக்கு இல்லை. கால்தான் அவளை அங்கே கொண்டுபோய் உட்கார வைத்தது.

கண்ணைத் திறந்தபோது போதகர் எதிரில் நின்றுகொண்டிருந்தார். ஒல்லியான மனிதர். அவருடைய உதடு நடுங்கியது. "ஆண்டவரே, இந்தப் பெஞ்சில உக்கார ஒருத்தரையாவது அனுப்புங்கன்னு எத்தனை வாரமாக் கேட்டேன்" என்று ஆரம்பித்தார். பின்னால் யாரோ ஒரு பெண் விம்மினாள். "கொத்தனார் எழுந்துட்டாராம்!" என்ற பேச்சு பெஞ்சுக்குப் பெஞ்சு தாவிக் கடைசி வரிசைவரை போய்விட்டது.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எழுந்து 'இல்லை' என்று சொல்லலாம் என்று பார்த்தால், அதற்குள் பாட்டு கிளம்பிவிட்டது. எத்தனையோ வாரமாகச் செத்துக் கிடந்த பாட்டு அன்றைக்கு ஓட்டைப் பிய்த்துக்கொண்டு போனது. எல்லோரையும் மிஞ்சிக்கொண்டு கேட்டது சைரன் அக்காவின் குரல். ஃபாக்டரியில் இரண்டு சைரன் என்று கேலி பேசுவார்கள். ஒன்று கூரைமேல் இருப்பது, மற்றொன்று உலைக்காரரின் மனைவி. கூரைமேல் இருந்தது ஊமையாகிவிட்டது. இந்த சைரன் இன்னும் ஊதிக்கொண்டிருந்தது. கன்னத்தில் கண்ணீர் வழிய வழிய ஊதியது.

இஸ்திரி அக்கா திரும்பிப் பார்த்தாள். வேலை போன முகங்கள் அத்தனையும் அவளைப் பார்த்துச் சிரித்தன. தங்கள் வீட்டுக்கே நல்லது நடந்ததுபோல் சிரித்தன. வேண்டுமென்றே ஏமாற்றியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

ஆராதனை முடிந்ததும் வாசலில் போதகரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, நான் தப்பா உக்காந்துட்டேன்."

"தப்பாவா?"

"கால் வலிச்சுது. அந்தப் பக்கம் இடமில்ல. அவர் எழுந்திரிக்கலய்யா. சுவரையே பாத்துட்டுப் படுத்திருக்கார்."

போதகர் முகத்தில் ஈயாடவில்லை. வெளியே சபை முழுக்கத் தயாராக நின்றது. சிலர் ஏற்கெனவே தெருவில் இறங்கி அவள் வீட்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்திருந்தார்கள். "இப்ப என்னம்மா பண்றது?" என்று அவளிடமே கேட்டார். பாவம், இந்த மாதிரி ஒன்றை அவருக்கு எந்தப் படிப்பிலும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

"நானே சொல்லிடறேன்" என்றாள். வாசற்படியில் ஏறி நின்று, குரல் உடைய உடைய, இருந்ததை இருந்தபடி சொன்னாள். டாக்டர் எச்சரித்ததையும் சேர்த்துச் சொன்னாள். "உங்களையெல்லாம் ஆசை காட்டி மோசம் பண்ணிட்டேன். மன்னிச்சுக்கங்க."

சிரித்த முகங்கள் ஒவ்வொன்றாக வாடியதை அவளால் பார்க்க முடியவில்லை, தலையைக் குனிந்துகொண்டாள். நல்ல செய்தி என்று வந்த ஒன்றும் போயிற்று. பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள்.

முதலில் வாயைத் திறந்தது சைரன் அக்காதான்.

"அது சரிக்கா. நாங்க பாடினோமே, அதை என்ன பண்றது? பாடின பாட்டை மறுபடியும் தொண்டைக்குள்ள தள்ள முடியுமா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"சிரிக்காதீங்க, நெசமாத்தான் கேக்கறேன். கிடைச்சதுக்கு அப்புறம் ஸ்தோத்திரம் சொல்ல யாரால முடியாது? நாம முன்னாடியே சொல்லிட்டோம். சொன்னது சொன்னதாவே இருக்கட்டும். ஆண்டவர் பாத்துக்குவார். ரெண்டு பேர் பிடிச்சா நடப்பார்னுதானே டாக்டர் சொன்னார்? இங்க எத்தனை பேர் கையைக் கட்டிக்கிட்டு வீட்ல கிடக்காங்க! ஏங்க, உங்களைத்தான்" என்று தன் கணவரைப் பார்த்தாள். "உலையில அத்தனை எடை தூக்கினீங்களே, ஒரு கொத்தனாரைத் தூக்க மாட்டீங்களா?"

உலைக்காரர் கைகளைப் பார்த்துக்கொண்டார். "தூக்கலாம்" என்றார், மெதுவாக. ஃபாக்டரி மூடிய பிறகு அவர் வெளியிடத்தில் பேசிய முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

இஸ்திரி அக்கா பதறினாள். "வேணாம்! நாலு பேர் பாத்தா அவருக்குப் பிடிக்காது. கத்துவார்." யார் கேட்டார்கள்? சபை நடந்துவிட்டது.

அவள் வீடு இரண்டாவது மாடியில் ஒற்றை அறை. படியெல்லாம் செருப்பு. உள்ளே வந்தவர்கள் அடுப்பை ஒட்டியும் கதவை ஒட்டியும் நின்றார்கள். இடம் கிடைக்காதவர்கள் படியிலேயே நின்றுகொண்டார்கள். கட்டிலில் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். முதுகு மட்டும் தெரிந்தது. போதகர் தொண்டையைச் செருமினார்.

"எனக்காக ஜெபம் பண்ணாதீங்க" என்றது முதுகு. "பண்ணினது போதும். அவர் காது கேக்கறவரா இருந்தா எப்பவோ கேட்டிருக்கணும்."

போதகர் எடுத்த மூச்சை அப்படியே விழுங்கினார். இஸ்திரி அக்கா கட்டிலருகே போய் நின்றாள்.

"ஜெபம் பண்ண வரலைங்க. நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். ஸ்தோத்திரப் பெஞ்சில உக்காந்துட்டேன். நீங்க எழுந்துட்டீங்கன்னு நினைச்சு எல்லாரும் பாடிட்டாங்க."

முதுகு கொஞ்சம் அசைந்தது. "கண்ணு தெரியலயா உனக்கு? நம்ம பெஞ்சு என்னாச்சு?"

"அங்க இடமில்ல."

"இடமில்லாம எங்க போச்சு? நீயும் அந்த விதவையம்மாவும்தானே உக்காருவீங்க?"

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? "ஃபாக்டரி மூடிட்டாங்க. எல்லாரும் அங்கதான் உக்காந்திருக்காங்க."

அவர் தலையைத் திருப்பினார். எத்தனையோ நாளுக்குப் பிறகு திரும்பினார். உலைக்காரரைப் பார்த்தார், சரக்கு ஏற்றும் லாரிக்காரரைப் பார்த்தார், படியில் எட்டிப்பார்த்த முகங்களைப் பார்த்தார். "உனக்குமா?" என்று கேட்டார். உலைக்காரர் தலையாட்டினார். "எல்லாருக்கும்தான் கொத்தனாரே." 'ஐயோ பாவம்' என்று அங்கே யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்லும் நிலைமையில் அந்த அறையில் ஒருவரும் இல்லை.

கொத்தனார் மனைவியிடம் திரும்பினார். "இடமில்லன்னா நிக்கறதுதானே? வேலையில நிக்கறவதானே நீ?"

"கால் வலிச்சுது" என்றாள்.

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. வீட்டில் அந்த வார்த்தையை அவள் சொன்னதே இல்லை. கால் அசையாமல் கிடப்பவரிடம் கால் வலி என்று யாராவது சொல்வார்களா? நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"உனக்கா?"

அவர் அவளுடைய பாதங்களைப் பார்த்தார். வீங்கிப்போய், செருப்பு வார் பதிந்த தடத்தோடு இருந்தன. பார்த்துக்கொண்டே இருந்தார். அறையில் இருந்தவர்கள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கூரையைப் பார்த்தார்கள்.

"எவ்வளவு நாளா?"

"அது கிடக்குது, விடுங்க."

அவர் விடவில்லை. முழங்கையை ஊன்றி எழ முயன்றார். முடியவில்லை. மறுபடியும் ஊன்றினார். அவள் பிடிக்கப் போனாள். "நீ இல்ல" என்று சொல்லிவிட்டு உலைக்காரரைப் பார்த்தார். "நீ வா. இந்தப் பக்கம். அந்தப் பக்கம் அவன் வரட்டும்."

லாரிக்காரரும் உலைக்காரரும் தோளைக் கொடுத்தார்கள். கட்டிலில் உட்கார்ந்தபோதே அவருக்கு முகமெல்லாம் வியர்த்துவிட்டது. பாதம் தரையைத் தொட்டது. "மெதுவா, மெதுவா" என்றார் போதகர், தானே தூக்குவதுபோல் மூச்சு வாங்கிக்கொண்டு. கொத்தனார் நின்றார். நின்றார் என்றால், பாதி அவர் நின்றார், பாதி மற்ற இருவரும் நிறுத்தினார்கள். முழங்கால் இரண்டும் கிடுகிடுவென்று ஆடின. ஆனால் மடங்கவில்லை.

சைரன் அக்காவால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. பாட்டைத் தூக்கி எடுத்துவிட்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டே கூடச் சேர்ந்து பாடினார்கள்.

"அம்மா தாயே, சிரிப்புக் காட்டாதீங்க, விழுந்துடுவேன்" என்றார் கொத்தனார். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு காலை நகர்த்தினார். ஒரு சாண் இருக்கலாம். பிறகு அடுத்த காலையும் இழுத்து அதன் பக்கத்தில் வைத்தார். கட்டிலில் இப்போது இடம் இருந்தது.

இஸ்திரி அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நன்றி என்று சொல்ல வாய் வரவில்லை. ஆண்டவரே, ஆண்டவரே என்று மனசுக்குள் மட்டும் சொல்லிக்கொண்டாள். கணவர் தடுமாறியதைப் பார்த்துத் தாங்கிக்கொள்ள ஓடினாள்.

அவர் தலையை அசைத்து அவளைத் தடுத்தார்.

"நீ உக்காரு" என்றார். "கொஞ்ச நேரம் நான் நிக்கிறேன்."