எல்லோரும் முடித்தால்தான் அடுத்த அங்கம்

'பின்னப் பாலம்' என்ற கணினி விளையாட்டைச் செய்ய அவளுக்கு எட்டு மாதம் பிடித்தது. அரை, கால், முக்கால் பலகைகளைப் பொருத்திப் பாலம் கட்ட வேண்டும். தப்பாகப் பொருத்தினால் குரங்கு தொபுக்கடீரென்று ஆற்றில் விழுந்து திட்டும். பள்ளிச் சோதனையில் தேறினால் நாற்பது பள்ளிகளுக்குப் போகும். இல்லையென்றால் குப்பைத்தொட்டிதான்.

குறுக்கே நந்தி மாதிரி நின்றவள் அவளுடைய நாத்தனார். வீட்டில் போதாதென்று அலுவலகத்திலும். விளையாட்டைப் பள்ளிகள் கேட்கும் கற்பித்தல் தரவிதிப்படி வரைந்து கொடுப்பது நாத்தனாரின் வேலை: யார் மாணவர், யார் ஆசிரியர், எந்தச் செயல் எந்த அங்கத்தில் வரும், அந்த அங்கம் எப்போது முடியும், ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம்.

"எல்லாரும் முதல் அங்கத்த முடிச்சாதான் அடுத்தது திறக்கும். அப்படித்தான் வரைஞ்சிருக்கேன்."

"ஒரு பிள்ள முடிக்கலன்னா என்ன அண்ணி பண்றது? டீச்சருக்கு ஒரு பட்டனாவது குடுங்க, தள்ளிவிட."

"ஏன் முடிக்காம இருக்கும்? நீ குரங்க ஆட்டு, அது போதும். விதி எனக்குத் தெரியும்."

மேலாளர் முன்னால் சொன்ன சொல். அவள் யாருக்கும் சொல்லாமல் தன் மடிக்கணினியில் மட்டும் அந்தப் பட்டனை வைத்துக்கொண்டாள்.

தன் மகள் படிக்கும் வகுப்பையே நாத்தனார் சோதனைக்குப் பிடித்திருந்தாள். முப்பது பிள்ளைகள். தலைமையாசிரியையும் மேலாளரும் ஓரமாக உட்கார்ந்து பார்த்தார்கள். பத்தே நிமிடத்தில் இருபத்தொன்பது பேர் பாலம் கட்டிவிட்டு, "மற்றவர்களுக்காகக் காத்திரு" என்ற சாம்பல் திரையை வெறித்தார்கள். நாத்தனாரின் மகள் மட்டும் வேண்டுமென்றே தப்புப் பலகை வைத்துக்கொண்டிருந்தாள். தொபுக்கடீர். சிரிப்பு. மறுபடியும் தொபுக்கடீர்.

"முடிடி!" நாத்தனார் பல்லைக் கடித்தாள்.

"ஒரே ஒரு தடவம்மா, குரங்கு சூப்பரா திட்டுது!"

பிள்ளைகள் மேசையைத் தட்டத் தொடங்கினார்கள். நாத்தனார் இஞ்சி தின்ற குரங்காக விழித்தாள். அதைப் பார்க்கப் பார்க்க இவளுக்கு இனித்தது. விரல் பட்டன்மேல்தான் இருந்தது. அழுத்தவில்லை. தவிக்கட்டும், நன்றாகத் தவிக்கட்டும்.

தலைமையாசிரியை எழுந்தார். "கேம் வேலை செய்யல. எடுத்துட்டுப் போங்க."

"கேம்ல தப்பில்ல மேடம், அத வரைஞ்ச விதத்துல..." என்று அவள் குறுக்கிட்டாள்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதாம்மா."

அடுத்தவளுக்குச் சகுனத்தடை ஆகட்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொண்ட கதைதான். எட்டு மாத உழைப்பு. மடிக்கணினியை மூடக்கூடத் தோன்றவில்லை.

பின்னால் வந்து நின்ற நாத்தனார் திரையில் அந்தப் பட்டனைப் பார்த்தாள். 'அனைவரையும் அடுத்த அங்கத்துக்கு அனுப்பு.' நிதானமாக இரண்டு தரம் படித்தாள்.

"சார்," என்று மேலாளரைக் கூப்பிட்டாள், "கொஞ்சம் இங்க வாங்க."