பாலத்தில் நின்ற வண்டிக்காரி

அமிர்திக்கு மேலே, மலையில் இருக்கிற அந்த ஊருக்கு இங்கிலீஷ் படம் என்றால் உயிர். தமிழ்ப் படம் பார்த்தவர்கள் அங்கே குறைவு. இங்கிலீஷ் படம் பார்க்காத ஆள் கிடையாது. கேட்டால் சிரிப்பீர்கள். சமாசாரம் இவ்வளவுதான். புளியும் தேனும் சுமந்துகொண்டு அவர்கள் கணியம்பாடிப் பக்கம் இறங்குவது சந்தை நாளில். அன்றைக்கு ஜனமெல்லாம் சந்தையிலேயே சுற்றும், டெண்டுக் கொட்டகை காற்று வாங்கும். அந்த நாளில் நல்ல படம் போட்டு நஷ்டப்படத் தாண்டவராயன் என்ன பைத்தியமா? கொட்டகைக்கு முதலாளியும் அவன்தான், ஆபரேட்டரும் அவன்தான். சந்தை நாளுக்கென்று அரதப்பழசான ஹாலிவுட் படம் ஒன்றைச் சல்லிசாக வாடகைக்கு எடுத்து ஓட்டிவிடுவான். மலைக்காரர்கள் பார்த்த சினிமா அத்தனையும் அதுதான்.

பாஷை புரியாதது ஒரு குறையே இல்லை. குதிரை ஓடினால் புரியாதா, பெண்பிள்ளை அழுதால் புரியாதா? குறை வேறு. டெண்டுக் கொட்டகையில் இருட்டினால்தான் படம் தெரியும். அமிர்திக்குப் போகிற கடைசி பஸ்ஸோ படம் முக்கால்வாசி ஓடும்போதே வாசலில் வந்து நின்று ஹாரன் அடிக்கும். கதாநாயகன் கழுத்தில் கயிறு ஏறிக்கொண்டிருந்தாலும் சரி, மலைக்காரர்கள் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட வேண்டும். ஆக, ஹாலிவுட்டில் எடுத்த அத்தனை படங்களைப் பார்த்த ஊரில், ஒரு படத்தின் முடிவையாவது பார்த்த ஆள் ஒருத்தர்கூட இல்லை.

முடிவு தெரியாததாலேயே படங்களுக்கு அங்கே ஆயுசு ஜாஸ்தி. சாமை களையெடுக்கும்போது பேச்சு அதுதான். புளி தட்டும்போதும் அதுதான். ஆளாளுக்கு ஒரு முடிவை வைத்துக்கொண்டு சண்டை போடுவார்கள், அடுப்பில் வைத்தது தீய்ந்துபோகும்.

மங்கம்மாளின் படம் வண்டிக்காரி படம். அதில் ஒரு வெள்ளைக்காரி. புருஷன் தபால் வண்டி ஓட்டுகிறவன். படம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்திலேயே செத்துப்போகிறான். ஊரில் ஒரு தடியன், வண்டியைத் தன்னிடம் கொடுத்துவிடு என்று மிரட்டுகிறான். அவள் கொடுக்கவில்லை. புருஷனுடைய தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, நாலு குதிரை பூட்டிய வண்டியில் தானே ஏறி உட்கார்ந்துவிட்டாள். கடைசியில் மலைப்பாதை, கிடுகிடு பள்ளம், நடுவே ஒரு மரப்பாலம். வண்டி பாதிப் பாலத்தில் போகும்போது பின்சக்கரத்துக்குக் கீழே பலகை முறிகிறது. வண்டி பின்னால் சாய்கிறது. குதிரைகள் முன்கால் தூக்கிக் கனைக்கின்றன. அவள் கடிவாள வாரை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

ஹாரன் அடித்தது.

மங்கம்மாள் அந்தப் படத்தைப் பார்த்தது, அவள் புருஷன் சக்கரவர்த்தி காய்ச்சலில் போய்ச் சேர்ந்த வருஷம். அவன் இருந்தவரை சந்தைக்கு அவன்தான் போவான். அன்றைக்குத்தான் முதல்முறையாகப் புளி மூட்டையோடு தனியாக இறங்கியிருந்தாள். பங்காளிகள் எல்லோரும், நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வீட்டோடு கிட என்று ஓதிக்கொண்டிருந்த நேரம். அவளுக்கும் பயம்தான். ராத்திரியெல்லாம் தூக்கம் வராது. அந்தக் கறுப்பு வெள்ளை வெள்ளைக்காரி தொப்பியை எடுத்து மாட்டிய உடனே இவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்துப்போயிற்று. மறுநாள் காலையில் எழுந்து நேரே சாமை விதைக்கிற கொல்லி நிலத்துக்குப் போனாள். குத்தகைப் பேச்சை எடுத்தவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து மழை ஏமாற்றினாலும், காட்டுப்பன்றி சாமையை உழக்கிவிட்டுப் போனாலும், மனசுக்குள் ஒரே கேள்விதான். அவள் தாண்டினாளா இல்லையா? அவள் தாண்டியிருந்தால் நானும் தாண்டிவிடுவேன். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் பைத்தியம் என்பார்கள்.

சொல்லாததால், கொழுந்தன் தீர்த்தகிரிக்கு அது தெரியாது. அவனுக்கு அண்ணியைச் சீண்டாவிட்டால் பொழுது போகாது.

"இன்னா அண்ணி, உன் வண்டிக்காரி ஊரு போய்ச் சேர்ந்தாளா?" என்பான். "அந்த வண்டி பள்ளத்துலதான் வுழுந்திருக்கும். பலகை ஒடிஞ்சா நிக்குமா?"

"உன் திருடன் மட்டும் இன்னா, இன்னும் கயித்துலதான தொங்கினு கீறான்?"

தீர்த்தகிரியின் படம் கோட்டைத் திருடன் படம். சிறையில் கிடக்கும் ராஜகுமாரனை மீட்கக் கோட்டைச் சுவரில் கயிறு போட்டு ஏறுகிறான் ஒரு திருடன். மேலே காவல்காரன் கத்தியால் கயிற்றை அறுக்கிறான், ஒரு புரி அறுகிறது, இரண்டாவது புரி அறுகிறது, அவ்வளவுதான், ஹாரன். தீர்த்தகிரி அதை நடித்தே காட்டுவான். அவன் புளியமரத்தில் கயிறு கட்டி ஏறிக் காட்டி, விழுந்து, ஒரு மாசம் நொண்டியது தனிக்கதை.

எமர்ஜென்சி முடிந்த மறுவருஷம் ஊர் வரைக்கும் ஜீப் ரோடு வந்தது. ரோடு வந்த சூட்டோடு தாண்டவராயனும் வந்தான்.

"காளியம்மன் திருவிழாவுக்கு இந்த வாட்டி கூத்து வாணாம். மெஷினு, ஜெனரேட்டரு எல்லாம் ஏத்தினு வந்து இங்கியே படம் போட்டுத் தர்றேன். எந்தப் படம்னு நீங்களே சொல்லுங்க. ஒண்ணே ஒண்ணு."

ஊர்க்கவுண்டர் கோபால்சாமி கேட்டார். "முடிவு வரைக்கும் ஓட்டுவியா?"

"இங்க ஹாரன் அடிக்க ஏதுங்க பஸ்ஸு?"

ஊரைப் பிடித்தது பாருங்கள் ஒரு சந்தோஷம். அன்றைக்கு யாரும் வேலைக்குப் போகவில்லை. எந்தப் படம், எந்தப் படம் என்று வீட்டுக்கு வீடு ரகளை. அம்மாக்கண்ணு பனிக்கட்டியில் நடனமாடுகிற படம் என்றாள்; பேய் பங்களா படம் என்றது ஒரு கோஷ்டி. ஒவ்வொன்றாகக் கழித்துக் கடைசியில் இரண்டு படம் நின்றது. வண்டிக்காரி, கோட்டைத் திருடன். பெண்டுகள் முக்காலே மூணுவீசம் மங்கம்மாள் பக்கம், ஆண்பிள்ளைகள் தீர்த்தகிரி பக்கம். கோயில் மைதானத்தில் இருவரும் எழுந்து நின்று அவரவர் படத்தைச் சொன்னார்கள். தீர்த்தகிரி கயிற்றில் தொங்கினான், கத்தி வீசினான், கூட்டம் விசில் அடித்தது. மங்கம்மாள் கையை ஆட்டவில்லை. பாலத்தைச் சொன்னாள், பலகை முறிந்ததைச் சொன்னாள். அதற்குமேல் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டாள்.

தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் கோபால்சாமிக் கவுண்டர். அவருக்கு இரண்டு படமும் பார்க்க ஆசை. திருதிருவென்று விழித்துவிட்டு, "அம்மனையே கேட்டுடலாம்," என்றார்.

அந்த ஊரில் விதை போடுவதற்கும் பெண் கொடுப்பதற்கும் அம்மனிடம் பூ கேட்பது வழக்கம். அம்மன் சிலையின் இரண்டு தோளிலும் ஈரத்தோடு பூவை ஒட்டி வைத்துவிட்டு உட்கார வேண்டியது. எது முதலில் விழுகிறதோ அதுதான் வாக்கு. அதற்கப்புறம் மூச்சு விடக்கூடாது. இங்கிலீஷ் படத்துக்காக அம்மனைத் தொந்தரவு செய்வது அதுவே முதல் தடவை. வலது தோளில் வண்டிக்காரிக்குச் செவ்வரளி, இடது தோளில் திருடனுக்கு வெள்ளரளி.

மங்கம்மாளின் கண் செவ்வரளியை விட்டு நகரவில்லை. கற்பூரம் எரிந்து அணைந்தது. இன்னொரு கற்பூரம் ஏற்றினார்கள். செவ்வரளி ஒரு தடவை அசைந்தது. தாயே, தள்ளிவிடு தாயே என்று வேண்டினாள். அந்தச் சமயம் பார்த்து இடதுபக்கம் வெள்ளரளி பொத்தென்று விழுந்தது.

ஆண்பிள்ளைகள் போட்ட கூச்சலில் மரத்துக் கிளிகள் பறந்தன. தீர்த்தகிரியைத் தோளில் தூக்கிக்கொண்டு கோயிலைச் சுற்றி வந்தார்கள். மங்கம்மாள் அம்மனைக் கும்பிட்டுவிட்டு, விபூதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். தெய்வமே வேண்டாம் என்று சொன்னபிறகு யாரிடம் போய் முறையிடுவது? வண்டிக்காரி விழுந்துவிட்டாள் போலிருக்கிறது, அதனால்தான் அம்மன் காட்டவில்லை என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

திருவிழாவன்று நெல்லிவாசல்நாட்டிலிருந்துகூட உறவுக்காரர்கள் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். வேட்டிகளைச் சேர்த்துத் தைத்த திரையை இரண்டு மரத்துக்கு நடுவே இழுத்துக் கட்டியாயிற்று. ஜெனரேட்டர் தடதடத்தது. பொழுது சாய்ந்து இருட்டு கட்டியதும் தாண்டவராயன் முதல் டப்பாவைத் திறந்து மெஷினில் மாட்டினான். மங்கம்மாள் வரமாட்டேன் என்றுதான் இருந்தாள். அம்மாக்கண்ணு விடவில்லை, கையைப் பிடித்து இழுத்துவந்து கடைசி வரிசையில் உட்காரவைத்தாள்.

படம் ஓடியது. வசனம் புரியாத ஊர் வசனத்துக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. திருடன் கயிறு போட்டான். காவல்காரன் கத்தியை எடுத்தான். ஒரு புரி, இரண்டாவது புரி. என்ன ஆயிற்று தெரியுமா? மைதானத்தில் இருந்த அத்தனை பேரும் துண்டை உதறிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார்கள். பழக்கதோஷம். எழுந்தபிறகுதான் பஸ் கிடையாது என்பது உறைத்தது. ஒருத்தரையொருத்தர் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள். மங்கம்மாளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அத்தோடு அந்த ரீல் முடிந்தது. தாண்டவராயன் கடைசி டப்பாவைத் திறந்து மாட்டினான். தீர்த்தகிரி திரைக்குக் கீழே போய் அண்ணாந்து உட்கார்ந்துகொண்டான்.

திரையில் கோட்டை வரவில்லை. ஒரு மரப்பாலம் வந்தது. பாலத்தின்மேல் நாலு குதிரை பூட்டிய வண்டி, பின்னால் சாய்ந்தபடி.

மங்கம்மாள் தன்னையறியாமல் எழுந்து நின்றாள். பலகை முறிந்த சத்தம் மறுபடி கேட்டது. வண்டிக்காரி வாரை இழுத்துப் பிடித்தாள்.

அதற்குள் ஆண்பிள்ளைகள் பக்கம் கலவரம். "இன்னாய்யா இது, எங்க திருடன் எங்க?" என்று ஆளுக்கு ஆள் எழுந்தார்கள். தாண்டவராயன் பதறிப்போய் மெஷினை நிறுத்தினான். திரை வெள்ளையாயிற்று.

"ரெண்டு படமும் அடுத்தடுத்த சந்தைக்குக் கொட்டாய்ல ஓட்டுனதுங்க," என்றான், தலையைச் சொறிந்துகொண்டு. "ரெண்டையும் ஒண்ணா திருப்பிக் குடுக்கும்போது நான்தான் டப்பா மூடியை மாத்திப் போட்டுட்டேன் போல. திருடன் படத்து கடைசி ரீலு கைல இல்லீங்க. இது வண்டிக்காரி படத்தோட ரீலு. ஓட்டட்டுமா, வாணாமா?"

கோபால்சாமிக் கவுண்டர் எழுந்தார். அவர் முகமும் தொங்கிப்போயிருந்தது. "அம்மன் வெள்ளைப்பூ குடுத்துது. அவ வாணாம்னு சொன்ன படத்தை அவ வாசல்லியே ஓட்டறது தப்பு. கழட்டிடு."

தாண்டவராயன் ரீலில் கை வைத்தான். மங்கம்மாள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணீர் தாரைதாரையாக வழிந்தது. அம்மாக்கண்ணு பயந்துபோய், "ஏய் மங்கம்மா, இன்னா ஆச்சு உனக்கு?" என்று தோளைப் பிடித்தாள்.

தீர்த்தகிரி திரும்பிப் பார்த்தான். அண்ணன் செத்தபோது யார் எதிரிலும் அழாத அண்ணி. சோளமூட்டையைத் தானே தூக்கிக்கொண்டு வருகிற அண்ணி. எத்தனை வருஷமாக, வண்டி பள்ளத்தில் விழுந்தது என்று அவன் சிரிக்கச் சிரிக்க, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசிவிட்டு வேலையைப் பார்க்கப் போன அண்ணி. மடையனுக்கு அப்போதுதான் புரிந்தது.

அவன் எழுந்து நேரே மெஷினிடம் வந்தான்.

"கவுண்டரே, அம்மன் எனக்குத்தான பூ குடுத்துது? என் படம்தான? அதை நான் என் அண்ணிக்குக் குடுத்துட்டேன். இதுல அம்மனுக்கு இன்னா கோவம் வரப்போவுது?"

"உன் திருடன் தொங்கினு இருக்கானேடா?"

"தொங்கட்டும். அவன் ஆம்பள, தாங்குவான். எங்க அண்ணி இத்தினி வருசமா அந்தப் பாலத்துலியே நிக்குது. ஓட்டுய்யா."

கவுண்டர் கோயில் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். அப்புறம் மெல்ல உட்கார்ந்தார். தாண்டவராயனுக்கு அது போதும்.

மறுபடி பாலம். வண்டி சாய்கிறது, இன்னும் சாய்கிறது. வண்டிக்காரி வாரை விட்டாள். பெண்டுகள் "ஐயோ" என்றார்கள். அவள் வண்டியிலிருந்து முன்னால் தாவிக் குதிரை முதுகில் விழுந்தாள், இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தாள், வண்டியைக் குதிரைகளோடு பூட்டியிருந்த தோல்வாரை அறுத்தாள். ஒன்று. இன்னொன்று. புருஷன் ஓட்டிய வண்டி, அந்தத் தடியனுக்குக் கொடுக்கமாட்டேன் என்று அவள் அத்தனை பாடுபட்ட வண்டி, பாலத்தை விட்டுப் பின்னால் போய்ப் பள்ளத்தில் உருண்டு உருண்டு சுக்குநூறாயிற்று. அவளுடைய தொப்பியும் அதோடு போயிற்று. நாலு குதிரையும் அவளும் அந்தக் கரையில் போய் நின்றார்கள். அவள் ஒருதரம் பள்ளத்தை எட்டிப் பார்த்தாள். தலைமயிரை அள்ளி முடிந்துகொண்டாள். தோளில் மாட்டியிருந்த தபால் பையைச் சரிசெய்துகொண்டு, குதிரையைத் தட்டினாள்.

"தாண்டிட்டா அண்ணி," என்று முதலில் கத்தியது தீர்த்தகிரிதான். "பார்த்தியா, தாண்டிட்டா." பிறகு மைதானமே கத்தியது. திருடனுக்காக விசிலடிக்க வந்தவர்கள் எல்லோரும் வண்டிக்காரிக்கு அடித்தார்கள். அம்மாக்கண்ணு குலவையிட்டாள், அத்தனை பெண்டுகளும் சேர்ந்து இட்டார்கள். தாண்டவராயன் தன் ஆயுசில் ஒரு ரீலுக்கு அப்படி ஒரு மரியாதை பார்த்ததில்லை.

திரை வெள்ளையானபிறகும் ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. தீர்த்தகிரி அண்ணி பக்கத்தில் வந்து குந்தினான்.

"நான் சொன்னதும் சரிதான் அண்ணி," என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல். "வண்டி பள்ளத்துலதான் வுழுந்துச்சு."

மங்கம்மாள் முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள். அவன் தலையில் வலிக்காமல் ஒரு குட்டு வைத்தாள்.

"வண்டி போனா போவுது வுடு," என்றாள். "ஆளு இந்தாண்ட வந்துட்டா பாரு."