அமுக்காத கை

பக்கத் தகட்டைக் கழற்றியபோது உள்ளே கரிசல் புழுதி விரற்கடை கனத்துக்குப் படிந்திருந்தது. வேல்சாமி முகத்தைச் சாய்த்து மெதுவாக ஊதினார். எங்கோ ஓர் ஆபீஸில் கழித்த கம்ப்யூட்டர் அது. அதில்தான் மகள் யோகலட்சுமி வீட்டிலிருந்தே கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுக்கிறாள். இப்போதெல்லாம் நாலு வரிக்கு ஒருமுறை அசையாமல் நின்றுவிடுகிறது. நாளைக்குள் வேலை வராவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பதாகப் பிரஸ்காரர் சொல்லிவிட்டார். அது போனால் திங்கட்கிழமை தீப்பெட்டி ஆபீஸுக்குக் கிளம்புவதாக அவளும் சொல்லிவிட்டாள். அவர் கை வெந்த அதே ஆபீஸ். பெட்டி அடைக்கிற இடத்துக்கும் தீக்குச்சி மருந்து கலக்குகிற ரூமுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்.

"பழச எடுத்துட்டு இந்தப் பெரிய ரேமைப் போடுங்க அண்ணாச்சி. ரெண்டு கொக்கியும் டக்னு மூடுற மட்டும் அமுக்கணும்" என்று கடைக்கார நந்தகோபால் சொல்லி அனுப்பியிருந்தான்.

சீப்பு நீளத்துக்குப் பச்சைப் பட்டை. கம்ப்யூட்டரின் ஞாபகமெல்லாம் அதில்தானாம். பள்ளத்தில் வைத்தார். சுவிட்சைப் போட்டதும் பெட்டி விட்டுவிட்டுக் கத்தியது. திரை இருட்டு. பக்கத்தில் நின்ற யோகலட்சுமி எட்டிப் பார்த்தாள்.

"கொக்கி மூடலப்பா. அமுக்குங்க."

"அமுக்கத்தான செய்யுதேன்."

"எங்க அமுக்குதீய? தூங்குத பிள்ளையத் தடவுத மாதிரில்லா இருக்கு."

இருபத்திரண்டு வருசம் மருந்து ரூமில் அந்தக் கை படித்தது ஒன்றே ஒன்று, அமுக்காதே. லோடுக்கு அவசரம் என்று ஒரே ஒரு நாள், தட்டில் காய்ந்து போன மருந்தை அமுக்கிச் சுரண்டினார். வலது உள்ளங்கை உருகிய பாலிதீன் பை மாதிரி ஆகிப்போனது. வீட்டில் முடங்கிக் கிடந்த மாதங்களில் இவள்தான் இடது கையில் பென்சிலைக் கொடுத்து, எழுத்தும் எண்ணும் சொல்லிக் கொடுத்தாள்.

"தள்ளுங்க, நான் அமுக்குதேன்."

"ஏட்டி, வயரைப் பிடுங்கிட்டு வாசல்ல போயி நில்லு."

"இதுல என்ன மருந்தா இருக்கு?"

"நில்லுன்னு சொல்லுதேன்ல."

அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனாள்.

பட்டையின் இரண்டு முனையிலும் கட்டைவிரல்களை வைத்தார். முகம் தானாகச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது. அமுக்கினார். ஒரு பக்கம் டக். மறுபக்கமும் டக். மூச்சை இழுத்து வாடை பிடித்தார். புழுதி வாடைதான்.

வயரைத் தானே செருகி சுவிட்சைப் போட்டார். கத்தல் இல்லை. கறுத்த திரையின் மூலையில், புது ரேமை எண்ணிப் பார்க்கிற வெள்ளை எண்கள் ஓட ஆரம்பித்தன. ஒவ்வொன்றாக வாய்க்குள் வாசித்துப் பார்த்தார். அவை அவருக்கு முந்திக்கொண்டு ஏறின.

வாசலிலிருந்து யோகலட்சுமி உள்ளே வந்தாள். கிட்டே வரவிடாமல் அவளுக்குக் குறுக்கே நீட்டிய வெந்த கையை, எண்கள் ஏறிக்கொண்டிருந்த வரைக்கும் அவர் இறக்கவில்லை.