அலமாரியின் பின்னங்கால்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் வீட்டுச் சுவரிலிருந்து கீழே விழுந்தது. தாத்தாவின் துப்பாக்கி, என் காலத்தில் ஒருமுறைகூடச் சுட்டதில்லை. ஆணி கழன்று விழுந்ததில், தோளில் முட்டுக்கொடுக்கிற மரக்கட்டை விரிசல் விட்டு, அடிமூலை உள்ளங்கை அளவுக்குத் தூள்தூளாகப் போனது. துப்பாக்கிக்குக் கட்டை செய்பவரிடம் கொண்டுபோனேன். கதை தேடிப் போகவில்லை. சுவர் மூளியாக இருந்தது, அவ்வளவுதான்.

2

முதல் வரி: "அந்த மேதை மரத்தோடு பேசுவார், மரமும்...

[அடித்துவிட்டேன். அவருக்கு மனைவியோடு பேசவே நேரம் போதவில்லை.]

விரிசல் அவருக்குக் கைவந்த வேலை. இளஞ்சூட்டில் பசையை உள்ளே இறக்கி, சைக்கிள் டியூபால் இறுக்கிச் சுற்றி, ஒருநாள் விட்டுவிட்டார். போன மரம்தான் தலைவலி. புது மரம் எத்தனை எண்ணெய் பூசினாலும் காட்டிக்கொடுத்துவிடும். கட்டை வால்நட் மரம்; அதே வயது வால்நட் வேண்டும், ரேகையும் அதே பக்கம் ஓட வேண்டும். ஊரெல்லாம் அலைந்தவருக்கு அது வீட்டிலேயே கிடைத்தது: மாமியார் மகளுக்கு விட்டுப்போன அலமாரியின் பின்னங்கால். சுவரோரம் இருக்கிற காலை யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்?

அறுத்தார். துப்பாக்கிக்கு முடியளவு பார்த்துப் பொருத்தியவர், அலமாரிக்கு வைத்த முட்டுக்கட்டையில் ஒரு நெல்லளவு கோட்டைவிட்டார்.

(இவ்வளவு கவனமானவர் இப்படிச் செய்வாரா என்று எனக்கே சந்தேகம் வந்தது. செய்வார். அந்தக் கட்டையை யாருக்கும் காட்டப்போவதில்லையே.)

3

அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்கா வீடு பெருக்கும்போது துடைப்பம் பட்டது.

"என்னங்க, அலமாரி ஏன் ஆடுது?"

"தரை மேடுபள்ளமா இருக்கும்."

"முப்பது வருஷமா இல்லாத மேடு இன்னிக்கு எங்கேருந்து வந்துச்சு?"

அக்கா குனிந்து பார்த்தார். நேராகப் பட்டறைக்கு வந்தார்.

"அந்தக் கால் எங்கே?"

அவர் துப்பாக்கியைக் காட்டினார். ஒட்டு எந்த இடம் என்று அவருக்கே பிடிபடவில்லை. தடவித் தடவிப் பெருமையாகச் சிரித்தார். அக்கா தேடவில்லை. நேராக விரலை வைத்தார்.

"சுவருக்கும் அலமாரிக்கும் நடுவுல ஒளிஞ்சுக்கிட்டு இதைத்தான் பிடிச்சுக்குவேன். அம்மா தெரியாத மாதிரியே வீடெல்லாம் தேடுவாங்க."

அவர் சிரிப்பு நின்றது.

"பிரிச்சுக் குடுங்க."

"பிரிச்சா உடைஞ்சிரும்மா. இனிமே அது அந்தக் கட்டையோடதான் வரும்."

[கதவுக்கு வெளியே நின்ற என் காதில் விழுந்தது பாதி. மிச்சம் நான் போட்ட ஒட்டு. எந்த இடம் என்று கண்டுபிடியுங்கள், பார்க்கலாம்.]

4

முடிவு அ: அவர் அலமாரிக்குப் புதுக் கால் செய்துகொடுக்க, அக்கா சமாதானமாகி...

[அக்காவை எனக்குத் தெரியும். ஆகமாட்டார்.]

முடிவு ஆ: நான் பெருந்தன்மையோடு துப்பாக்கியை அவரிடமே...

[என் பெருந்தன்மை எனக்கே சிரிப்பு மூட்டுகிறது.]

நடந்ததைச் சொல்கிறேன். கதவைத் தட்டினேன். அக்காதான் திறந்தார். துப்பாக்கியை நீட்டி, "நல்லா ஒட்டியிருக்காரு, பாருங்க" என்றார். கட்டைவிரல் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. அதைக் கேட்டிருந்தும், கொஞ்சம் இழுத்துத்தான் வாங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து அந்தச் சுவர்ப்பக்கம் திரும்ப வெட்கமாக இருக்கிறது.

முடிவு இ:

இடம் விட்டிருக்கிறேன், நீங்கள் எழுதுங்கள். நீங்கள் எழுதிவிட்டால் எனக்கு வேறு வழியிருக்காது. அக்கா வீடு இங்கிருந்து நாலு தெருதான்.