தொட்டிலில் ஏறும் முன்

குளிரில் மெத்தை கல்லாகிவிடும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அதனால் தோல்குன் பனிச்சறுக்குத் தளத்துக்கு வந்ததும் முதல் வேலையாக ஜெல் மெத்தையை எடுத்துக் கணப்பருகே சாய்த்து வைத்தாள். பிறகு தொட்டிலின் திருகாணிகளை ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்த்தாள். நேற்றும் பார்த்திருந்தாள். நேற்று சரியாகத்தான் பார்த்தோமா என்று இன்றைக்குச் சந்தேகம் வந்தது.

பனியில் சறுக்கும் ஒற்றை ஸ்கீ பலகை, அதன்மேல் கனத்த சுருள்வில், அதற்கும் மேலே குழிந்த இருக்கை. ஆளை உட்காரவைத்து இடுப்பையும் தொடைகளையும் கால்களையும் பட்டைகளால் இறுக்கிக் கட்ட வேண்டும். பயிற்சி கொடுக்க வந்த வெளிநாட்டுக்காரர்கள் அதற்கு என்னவோ பெயர் சொன்னார்கள். கராகோலில் யார் வாயிலும் அது நுழையவில்லை. கைக்குழந்தையைக் கட்டிப் படுக்கவைக்கும் மரத்தொட்டில் எல்லார் வீட்டிலும் உண்டு. பார்த்த முதல் நாளே இதுவும் தொட்டிலாகிவிட்டது.

இத்தனை நாள் தோல்குன் அதில் ஒரு உருளைக்கிழங்கு மூட்டையைக் கட்டிவைத்துப் பழகினாள். பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சரிவில் இறங்குவாள். மூட்டை இரண்டு முறை கவிழ்ந்தது. பிறகு கவிழவில்லை.

"மூட்டைய எங்க காணோம்? குழம்புக்குப் போயிடுச்சா?" என்று கேட்டுக்கொண்டே யூரா உள்ளே வந்தான். ஸ்னோபோர்டு வகுப்புக்கு வந்த பிள்ளைகளுக்கு பூட்ஸ் எடுக்க வந்திருந்தான். அவனும் அவளோடு அதே பயிற்சி எடுத்தவன்தான்.

"இன்னிக்கு நிஜ ஆள் வராரு."

"தெரியும். ஊரே பேசுதே. மூட்டைய விட ஆள் சுலபம் தோல்குன். மூட்டை வலிக்குதுன்னு சொல்லாது."

"அவரும் சொல்ல மாட்டாரு" என்றாள் தோல்குன்.

யூராவின் சிரிப்பு பாதியில் நின்றது. வருகிறவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வே கிடையாது. குத்தினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது.

வருகிறவர் ஷெர்காசி. ஆட்டு உடலைப் பறித்து ஓடும் குதிரை ஆட்டத்தில் ஒரு காலத்தில் அவர் பெயரைச் சொன்னால் எதிரணிக்காரன் சேணத்தை இன்னொரு முறை இறுக்குவான். ஐந்து வருஷத்துக்கு முன் குதிரைகளின் காலடியில் விழுந்தார். அவருடைய மனைவி அனார்குல் போன வாரம் தொலைபேசியில் பேசும்போது அந்த விபத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னதெல்லாம் வேறு.

"போன வருஷம் பிஷ்கேக் போனப்ப கார் சீட்டுல ஒரு போல்ட் கெடந்திருக்கும்மா. அதுமேலயே உக்காந்து வந்திருக்காரு. அவருக்கும் தெரியல, எனக்கும் தெரியல. வீட்டுக்கு வந்து பாத்தா ஒரு செகப்பு. சின்னதுதானேன்னு விட்டுட்டேன். அது உள்ளயே அழுகி எலும்பு வரைக்கும் போயிடுச்சு. ஆப்பிள் பறிக்கிறப்ப குப்புறப் படுத்தவரு, மறுபடி ஆப்பிள் பூக்கிறப்பதான் எழுந்தாரு. டாக்டரு சொல்லிட்டாரு, இன்னொரு தடவ வந்தா தாங்க மாட்டாருன்னு. பாத்துக்கம்மா."

பார்த்துக்கொள்கிறேன் அண்ணி என்று சொல்லியிருந்தாள். அன்று முதல் அந்தச் சிவப்பு அவள் கண்ணைவிட்டுப் போகவில்லை. கயிறு அறுந்து போவதாக அவளுக்குக் கனவு வரவில்லை. ஒரு போல்ட்தான் வந்தது.

வண்டி வந்து நின்றது. யூராவும், ஆட்களை மலை உச்சிக்கு ஏற்றும் நாற்காலி லிஃப்ட்டைக் கவனிக்கும் மூசாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஷெர்காசியைத் தூக்கிவந்தார்கள். அகன்ற தோள், பெரிய கை, உரத்த குரல்.

"ஆட்டத் தூக்கிட்டு ஓடினவன்டா நான். இப்ப என்னையே ஆடு மாதிரி தூக்கிட்டு ஓடுறீங்க. பாத்து, கோல் பக்கம் எறிஞ்சிடாதீங்க."

"எறியற மாதிரியா இருக்கீங்க. உங்க கனத்துக்கு ரெண்டு ஆட்டுக் காசு தரணும்" என்றார் மூசா.

"இதுதான் என் வாத்தியாரம்மாவா?" ஷெர்காசி தோல்குனை மேலும் கீழும் பார்த்தார். "என் சவுக்கு இதவிடத் தடிமனா இருக்கும். பொண்ணு, நான் உருண்டா நீயும் கூடவே வருவியே."

"வருவேண்ணே" என்றாள் தோல்குன். அது உண்மை. கயிற்றின் மறுமுனை அவள் இடுப்பில்தான் கட்டியிருக்கும்.

அவர் சிரித்தார். அனார்குல் சிரிக்கவில்லை. அவள் கதவருகே நின்று ஜன்னல் வழியாக மலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடுகள் மட்டும் அசைந்தன.

அவரைத் தொட்டிலில் இறக்கினார்கள். குழி இருக்கை இறுக்கமானது. உள்ளே போகும்போது கால்சட்டை பின்பக்கம் கீழே இழுபட்டது. தோள்களைப் பிடித்து நேராக்கி உட்காரவைத்ததும், பிள்ளைகள் காத்திருக்கிறார்கள் என்று யூரா ஓடிவிட்டான். மூசா லிஃப்ட்டுக்குத் திரும்பினார்.

அடுத்தது என்ன என்று தோல்குனுக்கு நன்றாகத் தெரியும். பட்டை போடும் முன் கையுறையைக் கழற்றிவிட்டு, மாணவரின் முதுகுக்குப் பின்னால் கையை நுழைத்து, வால் எலும்பிலிருந்து தொடை வரை தடவிப் பார்க்க வேண்டும். மடிப்பு, பொத்தான், சாவி, எதுவும் இருக்கக் கூடாது. கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தீர்கள், சிறுநீர் சேரும் பை நிறைந்திருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். பயிற்சி கொடுத்த வெளிநாட்டுப் பெண் எல்லார் முன்னாலும் யூராவை உட்காரவைத்து அப்படித்தான் செய்தாள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தோல்குன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இங்கே இருப்பவர் யூரா இல்லை. தன்னைவிடப் பதினைந்து வயது மூத்த ஆண். பக்கத்தில் மனைவி நிற்கிறாள். சாலையில் எதிரே வந்தால் ஒதுங்கி நின்று தலை குனிய வேண்டிய மனிதர். அவர் இடுப்புக்குக் கீழே கையை விடுவதா? எப்போது போனீர்கள் என்று கேட்பதா? நினைக்கும்போதே காது மடல் எரிந்தது.

"அண்ணே, எல்லாம் சரியா இருக்கில்ல?"

"எல்லாம் சரி."

இவர் வேறு என்ன சொல்வார். கேட்ட கேள்வி அப்படி. கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை என்று தெரிந்தேதான் அவள் பட்டைகளை இறுக்கினாள். இடுப்புப் பட்டையை இழுத்தபோது அனார்குல் ஓரடி முன்னால் வந்து, எதையோ சொல்ல வாயெடுத்து, நின்றாள்.

"என்ன அண்ணி?"

"ஒண்ணுமில்ல. நல்லபடியா போயிட்டு வாங்க."

வெளியே வெயிலில் பனி கண்ணைக் குத்தியது. சமதரையில் கைச்சறுக்குகளை, அடியில் குட்டி ஸ்கீ வைத்த கைக்கோல்களை, ஊன்றித் தள்ளப் பழக்கினாள். அவர் சட்டென்று பிடித்துக்கொண்டார். தோளின் பலம் அப்படியே இருந்தது. வளைந்தார், நின்றார், மறுபடி வளைந்தார். "குதிரை சொன்ன பேச்சக் கேக்குது" என்றார். முகம் சிறுபிள்ளையுடையது போல் ஆகியிருந்தது. நெடுநேரம் அப்படியே போனது. லிஃப்ட்டில் ஏறலாமா என்று அவர்தான் கேட்டார்.

வரிசையில் நின்றபோது அவருடைய வலது கால் துள்ளியது.

பட்டைக்குள்ளேயே ஒரு துள்ளல். நின்றது. மறுபடியும்.

"கால் ஆடுதுண்ணே."

"அது அப்பப்ப ஆடும். என்னைக் கேக்காம தனியா சவாரி போயிட்டு வரும். குளிரு."

இரண்டு கால்களும் சேர்ந்து துள்ளின. ஸ்கீயின் முனை பனியில் தட்டியது. மூளைக்குப் போகும் வழி அடைபட்டிருந்தாலும் தோலும் தசையும் சும்மா இருப்பதில்லை என்று படித்திருந்தாள். கீழே ஏதாவது குத்தினால், அழுத்தினால், செய்தி முதுகுத்தண்டு வரை போய்த் திரும்பிவிடும். ஆளுக்கு வலி தெரியாது. கால்தான் கத்தும்.

குளிராகவும் இருக்கலாம்.

நாற்காலிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றி வந்தன. மூசா அவர்களுக்காக வேகத்தைக் குறைத்தார். "ஏத்தட்டுமா தோல்குன்?"

ஏறிவிட்டால் உச்சிவரை இறங்க முடியாது. அங்கிருந்து கீழே வர அவளுடைய மாணவருக்கு மதியம்வரை ஆகும். அடியில் ஏதாவது இருந்தால் அத்தனை நேரமும் அது அங்கேயே அழுத்திக்கொண்டிருக்கும். ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். ஒன்றுமில்லாததற்காக இவரை வரிசையிலிருந்து இழுத்து, கட்டை அவிழ்த்து, ஊர் பார்க்க அவமானப்படுத்துவதா? பின்னால் நின்ற ஸ்னோபோர்டுக்காரன் ஒருவன் "போங்கக்கா, மதியச் சாப்பாட்டுக்குள்ள ஏறணும்" என்றான். அடுத்த நாற்காலி திரும்பியது.

"நிறுத்துங்க மூசாண்ணே."

லிஃப்ட் நின்றது. மேலே கம்பியில் தொங்கியவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"அண்ணே" என்றாள். குரல் எழவில்லை. மறுபடி சொன்னபோது தேவைக்கு மேல் உரக்க வந்துவிட்டது. "அண்ணே, உங்களுக்கு அடியில ஏதாவது இருக்கா?"

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஷெர்காசியின் கழுத்து சிவந்தது.

"என்ன கேள்வி இது? எனக்கு அடியில என் அடிதான் இருக்கு. ஏத்துறியா இல்லையா?"

"கையால தடவிப் பாக்கணும். அப்பவே பாத்திருக்கணும். தப்பு என்னோடது."

"இத்தனை பேர் முன்னாடியா? தள்ளு. மூசா, நீ ஏத்து."

மூசா அவரையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். கையை விசையிலிருந்து எடுக்கவில்லை. அப்போதுதான் வேலியோரம் நின்ற அனார்குலைத் தோல்குன் கவனித்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"இடுப்புலதான் தச்சேன்" என்றாள் அனார்குல். "உக்கார்ற எடத்துல இல்ல. பட்டிக்கிட்ட, உள்பக்கமா. சத்தியமா இடுப்புலதான்."

"எத?" என்றார் ஷெர்காசி.

அவள் சொல்லத் தேவை இருக்கவில்லை. மலைக்குப் போகிற புருஷனுக்குக் காப்புக் கட்டாமல் எந்தப் பெண்டாட்டி அனுப்புவாள்? அவர் தாயத்தைக் கண்டால் கேலி பேசுகிறவர். அதனால் தெரியாமல் தைத்திருக்கிறாள். நல்லதற்குக் கட்டினதை வெளியே சொன்னால் பலிக்காது, அதனால் தோல்குனிடமும் சொல்லவில்லை.

ஸ்கீ அறையின் மூலையில் திரைக்குப் பின்னால் ஒரு பெஞ்சில் அவரைக் குப்புறக் கிடத்தினார்கள். மூசா வெளியே போய்க் கதவை மூடினார். திரைக்கு இப்பால் தோல்குன் நின்றாள். உள்ளே நூல் அறுபடும் சத்தம். ஏதோ தரையில் விழுந்து அவள் காலடிவரை உருண்டு வந்தது. தோல் பையில் தைத்த ஓநாயின் கணுக்கால் எலும்பு. முனைகள் கூர்மையாக இருந்தன. இருக்கை இழுத்த இழுப்பில் அது வால் எலும்புக்கே இறங்கியிருக்க வேண்டும்.

"செகப்பா இருக்கு" என்றது அனார்குலின் குரல். பிறகு, "எனக்குப் பாக்கத் தெரியல. போன தடவயும் எனக்குத் தெரியல. நீ வாம்மா."

தோல்குன் அசையவில்லை.

"வா பொண்ணு" என்றார் ஷெர்காசி சுவரைப் பார்த்தபடி. அந்தக் குரலில் கேலி இல்லை. "ஊர் முன்னாடி கேட்டாச்சு. இனி என்ன."

அவள் திரையை விலக்கினாள். பழைய புண்ணின் தழும்பு சுருங்கிப் பளபளத்தது. அதற்கு இரண்டு விரல் மேலே, ஓநாய் எலும்பின் அச்சு அப்படியே, கருஞ்சிவப்பில். தோல் கிழியவில்லை. கிழியாததால் நிம்மதி இல்லை. போன தடவையும் கிழியவில்லை.

கட்டைவிரலை அதன்மேல் வைத்து அழுத்தினாள். விரலை எடுத்ததும் அந்த இடம் வெளுத்தால் உள்ளே ரத்தம் இன்னும் ஓடுகிறது. வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் சதை சாகத் தொடங்கிவிட்டது. விரலை எடுக்க அவளுக்குப் பயமாக இருந்தது. அழுத்திக்கொண்டே இருந்தாள்.

"என்ன நிறம்?" என்றார்.

எடுத்தாள்.

"என்ன நிறம்னு கேக்கறேன்."

"வெள்ளை" என்றாள். "வெளுத்துடுச்சுண்ணே. இப்பத் திரும்ப செவக்குது. அது நல்லதுதான்."

பெஞ்சின் விளிம்பைப் பிடித்திருந்த அவர் கைகள் தளர்ந்தன. அனார்குல் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப சரி" என்றார் ஷெர்காசி. " அந்த எலும்ப என் பெண்டாட்டி கழுத்துல கட்டு. என்னைத் தொட்டில்ல ஏத்து."

"இன்னிக்கு முடியாதுண்ணே."

"வெளுத்துடுச்சுன்னியே."

"செகப்பு முழுசாப் போகணும். அதுவரைக்கும் அந்த எடத்துமேல எதுவும் படக் கூடாது. வீட்டுக்கும் குப்புறப் படுத்துட்டுத்தான் போகணும்."

"பசங்ககிட்ட வீடியோ காட்டறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். தெரு பூரா தெரியும். உன் வயசுல எனக்குத் தங்கச்சி இருக்கா, அவ என்கிட்ட முடியாதுன்னு சொன்னதில்ல."

தோல்குனும் இதுவரை எந்தப் பெரியவரிடமும் முடியாது என்று சொன்னதில்லை. "முடியாதுண்ணே" என்றாள் மறுபடியும்.

வண்டியின் பின்பக்கம் கம்பளி விரித்து அவரைப் படுக்கவைத்தார்கள். அவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

இரவு முழுக்க அவள் தூங்கவில்லை. வெளுத்ததாகத்தான் பார்த்தோமா, வெளுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டதால் அப்படித் தெரிந்ததா? காலையில் அம்மா சோறு கிளறிக்கொண்டிருக்கும்போது தொலைபேசி அடித்தது. அனார்குலின் எண். தோல்குன் எடுக்காமல் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"எடேன்டி" என்றாள் அம்மா.

எடுத்தாள். பேசியது ஷெர்காசி.

"தோல் சுத்தமா இருக்கு. அனார்குல் நாலு தடவ பாத்துட்டா, பக்கத்து வீட்டு நர்சும் பாத்துட்டா. ஊருல இன்னும் பாக்காதது மூசா ஒருத்தன்தான்." பிறகு கேட்டார், "வியாழக்கிழம ஏத்துவியா?"

"ஏத்துறேண்ணே. ஆனா முதல்ல கேப்பேன். கையாலயும் பாப்பேன்."

"என்ன கேப்ப?"

அவர் உண்மையாகத்தான் கேட்டார். தோல்குன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தீர்கள், பை காலியா, உள்ளாடையில் மடிப்பு இருக்கிறதா, பின்பக்கம் எதையாவது தைத்திருக்கிறார்களா என்று ஒன்றுவிடாமல் கேட்டாள். அடுப்பருகே அம்மாவின் கரண்டி அப்படியே நின்றது.

மறுமுனையில் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, முதல் கேள்வியிலிருந்து பதில் சொல்ல ஆரம்பித்தார்.